மருத்துவர்கள் வியந்தனர்

லிங்கராஜபுரத்திலும் அதைச் சுற்றியும் கடந்த இருபத்தைந்து வருடங்களில் கல்யாணம் செய்துகொண்ட கிறிஸ்தவர்கள் யாரைக் கேட்டாலும் என் அண்ணன் தியோடரைத் தெரியும். முகம் மறந்திருக்கலாம், குரல் மறந்திருக்காது. வரவேற்பு நிகழ்ச்சியில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, மணமக்களை மேடையேற்றி, கேக் வெட்டவைத்து, கோப்பையை உயர்த்தி டோஸ்ட் சொல்லவைத்து, கடைசிப் பந்தி வரைக்கும் கூட்டத்தைக் கட்டி மேய்க்கிற ஆளை எங்கள் ஊரில் எம்.சி. என்போம். அண்ணன் எம்.சி. வார நாட்களில் சிவாஜிநகரில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிற கடையில் கவுண்டரில் நிற்பான். பத்திரிகைக்கு ஆர்டர் கொடுக்க வருகிற பெண் வீட்டார் அவன் பேசுவதைக் கேட்டுவிட்டு அங்கேயே அவனையும் புக் பண்ணிவிட்டுப் போவார்கள்.

எனக்கு மூன்று வயதுதான் மூத்தவன். அதனால் 'அவன்' என்றே எழுதுகிறேன். யாரும் வருத்தப்பட வேண்டாம்.

இங்கிலீஷில் ஆரம்பித்து, தமிழில் கிண்டல் செய்து, ஊர் மொழியான கன்னடத்தில் முடிப்பான். "எல்லாரும் தயவிட்டு ஊட்டா மாட்கொண்டே ஹோக்பேக்கு" என்று, சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்பதை அவன் சொன்னால், சாப்பிட்டு முடித்தவர்கள்கூடத் திரும்பப் பந்தியில் போய் உட்கார்ந்துவிடுவார்கள் போலிருக்கும். மாப்பிள்ளையின் சித்தப்பா குடித்துவிட்டு மேடைக்கு வந்தால் அவரை நோகடிக்காமல் இறக்கிவிடுவதில் அவனுக்கு ஈடு கிடையாது. நடுநடுவே மண்டபத்துக்குப் பின்னால் போய் சிகரெட் பிடிப்பான். வாயில் ஏலக்காய் போட்டுக்கொண்டு திரும்பி வருவான். முப்பது வருடப் பழக்கம். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும், தெரியாத மாதிரி இருப்போம்.

இனி என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும், சொல்லாமல் தப்பிக்கத்தான் ஆசை. என் பெயர் குளோரியா. ஒரு பள்ளிக்கூடத்தில் ஆறாம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித்தருகிறேன். எங்கள் தெருவில் ஹார்டுவேர் கடைக்கு மேலே இருக்கும் ஹாலில் வெள்ளிக்கிழமை மாலைகளில் ஜெபக் கூட்டம் நடக்கும். அறுபது எழுபது பேர் வருவார்கள். அதற்கு நான் செயலாளர். மாதம் ஒரு தாள் அச்சடித்துக் கொடுப்போம், அதில் முக்கால்வாசி என் எழுத்து. யாருக்காவது சுகம் கிடைத்தால் மேடையில் சாட்சி சொல்வார்கள், அடுத்த மாதம் அது தாளில் வரும்.

போன வருடம் ஜூன் மாதம் அண்ணனுக்குத் தொண்டை கட்டியது. மழை ஆரம்பித்த நேரம், எல்லோருக்கும் கட்டியிருந்தது. மற்றவர்களுக்கு விட்டது, அவனுக்கு விடவில்லை. வெந்நீர், மிளகு, ஆவி, சித்தரத்தை என்று ஆறு வாரம் ஓடியது. ஜோவிதா அண்ணிதான் பொறுக்கமுடியாமல் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார். அவர் மூக்கு வழியாக மெல்லிய குழாய் ஒன்றைவிட்டு உள்ளே பார்த்திருக்கிறார். நாம் பேசும்போது சேர்ந்து சேர்ந்து அதிர்கிற இரண்டு குரல் நாண்களில் இடது பக்கத்தில் அரிசி அளவுக்கு ஏதோ வளர்ந்திருக்கிறது, துளி எடுத்துப் பரிசோதித்தால்தான் என்னவென்று சொல்ல முடியும் என்று ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை தேதி கொடுத்தார். சிகரெட் பிடிப்பீர்களா என்று கேட்டதற்கு, "எப்பவாச்சும்" என்றானாம். அண்ணி அங்கேயே முறைத்திருக்கிறார்.

அந்தச் செவ்வாய்க்கு முந்தின வாரம் எங்கள் ஹாலில் மூன்று நாள் உபவாச ஜெபம். நான்தான் அண்ணனை வலுக்கட்டாயமாக வரவழைத்தேன். அதே வாரம் அவனுக்கு இளைப்பும் இருந்ததால் தெருமுனை கிளினிக்கில் ஐந்து நாளைக்கு ஏதோ மாத்திரை கொடுத்திருந்தார்கள். அதை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் கடைசிப் பாட்டுக்கு எல்லோரும் எழுந்து நின்றபோது எனக்குப் பின்னால் அண்ணனின் குரல் கேட்டது. கரகரப்பு இல்லாமல், பழைய குரல். திரும்பிப் பார்த்தேன். அவன் அழுதுகொண்டே பாடினான். நானும் அழுதேன். அந்த அழுகை பொய்யில்லை, அதை மட்டும் இன்றைக்கும் சொல்வேன்.

"அண்ணா, மேல போய்ச் சாட்சி சொல்லு," என்றேன்.

"செவ்வாக்கிழமை டெஸ்ட் முடியட்டும், குளோரி."

"நீ முதல்ல ஆண்டவருக்கு மகிமையைச் செலுத்து. டெஸ்டு எதுக்கு இனிமே?"

சொன்னான். மைக்கைப் பிடித்ததும் அவனுக்கே ஒரு வேகம் வந்துவிட்டது. சொல்லத் தெரிந்த ஆள் வேறு. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. செவ்வாய்க்கிழமை அவன் டாக்டரிடம் போகவில்லை. அண்ணி எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "துளி எடுத்துப் பாக்கிறதுனால கடவுள் கோவிச்சுக்க மாட்டாரு," என்றார். அண்ணி பிறப்பால் கத்தோலிக்கர். எனக்கு அப்போது இருந்த திமிரில், அவருக்கு விசுவாசம் கொஞ்சம் மட்டு என்று அண்ணனிடமே சொன்னேன்.

பிறகு அந்தச் சாட்சியைத் தாளுக்காக எழுத உட்கார்ந்தேன். மேடையில் அவன் சொன்னதை அப்படியே எழுதினால் முடிவு மொட்டையாக இருந்தது. இந்த மாதிரிச் சாட்சிகள் எப்படி முடியும் என்று எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். கை தானாக எழுதியது: "மறுபடியும் பரிசோதித்த மருத்துவர்கள் வியந்தனர்." மூன்றே மூன்று சொல் போதும் என்று தோன்றி, முன்னால் இருந்ததை அடித்துவிட்டு, "மருத்துவர்கள் வியந்தனர்" என்று முடித்தேன். எண்ணிப் பார்த்தால் அது இரண்டு சொல்தான். அண்ணன் அச்சில் படித்துவிட்டு, "எந்த டாக்டர் வியந்தாரு?" என்று கேட்டான். "அது எழுதற விதம் அண்ணா," என்றேன். பார்க்காததைப் பார்த்ததாக எழுதுகிற பிள்ளைகளுக்கு அதே வாரம் சிவப்பு மையில் சுழித்துக்கொண்டிருந்தவள் நான்.

மாத்திரை முடிந்து மூன்று வாரத்தில் குரல் மறுபடி கட்டியது. அந்த மாத்திரை வீக்கத்தை வற்றச்செய்யும், வீக்கம் வற்றினால் கொஞ்ச நாள் குரல் திறக்கும், வளர்ந்தது வளர்ந்தபடியே உள்ளே இருக்கும் என்று பிற்பாடு ஒரு டாக்டர் விளக்கினார். அப்போது எங்களுக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் நான் கேட்டிருப்பேனா என்பது சந்தேகம்தான்.

அக்டோபரில் ஒரு வரவேற்பில் மணப்பெண்ணின் பெயரைக் கூப்பிடும்போது அண்ணனுக்குக் குரல் உடைந்து காற்று மட்டும் வந்திருக்கிறது. கூட்டம் சிரித்ததாம். மைக்கை இன்னொரு எம்.சி.யான டேரிலிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து எனக்கு போன் செய்தான்.

"மறுபடியும் கட்டிக்கிச்சு குளோரி. அந்த டாக்டர்கிட்டயே போயிடலாமான்னு பாக்கிறேன்."

அப்போது நான் சொன்னதை எழுத என் கை கூசுகிறது. "அத்தனை பேர் முன்னாடி சாட்சி சொல்லிட்டு, இப்போ போய் நின்னா ஜனங்க என்னா நினைப்பாங்க? இது பிசாசோட சோதனை. விட்டுக்குடுக்காதே," என்றேன்.

ஜனங்கள் என்ன நினைப்பார்கள் என்பதில், என்னை என்ன நினைப்பார்கள் என்பதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது. அவன் சரி என்று போனை வைத்துவிட்டான்.

அதன்பிறகு அவன் ஒளிந்து வாழ ஆரம்பித்தான். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாலு வாரம் எங்கள் சபைகளில் கல்யாணம் கிடையாது, அது அவனுக்கு வசதியாகப் போயிற்று. ஜனவரியில் வந்ததையெல்லாம் டேரிலுக்குத் தள்ளிவிட்டான். கடையில் கேட்ட கேள்விக்குக் காகிதத்தில் எழுதிக் காட்டினான். ஈஸ்டருக்கு முந்தின தவக்காலமான லெந்து காலம் வந்தது. நாற்பது நாள் மௌன விரதம் என்று சொல்லிவிட்டான். சிலர் கறி விடுவார்கள், சிலர் சினிமா விடுவார்கள், தியோடர் பேச்சையே விட்டுவிட்டார் பாருங்கள் என்று ஹாலில் எல்லோருக்கும் வியப்பு. போதகர் அவனை முன்மாதிரியாகச் சொன்னார். நான் முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டினேன். எனக்குத் தெரியும், அது விரதம் இல்லை என்று. தெரிந்தே தலையாட்டினேன்.

ஈஸ்டர் முடிந்த மறுநாள் வீட்டு மாடிப்படியில் அவனுக்கு மூச்சு முட்டியது. ஏற்கெனவே ஒரு மாதமாகக் காதில் வலி, கழுத்தில் கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டதாம். அண்ணி அவனை ஆட்டோவில் போட்டுப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். எனக்குச் சொல்லவில்லை. ஏன் அண்ணி என்று பிறகு கேட்டேன். "சொன்னா நீ ஜெபம் பண்ணலாம்னு நிறுத்திடுவே," என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, சாதாரணமாகச் சொன்னார்.

ஸ்கேன் எல்லாம் எடுத்தபிறகு டாக்டர் எங்கள் மூவரையும் உட்காரவைத்துக் காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். ஆரம்பத்தில் நாணோடு நின்றிருந்தபோது வந்திருந்தால், திங்கள் முதல் வெள்ளி வரை ஆறேழு வாரம் கதிர்வீச்சு கொடுத்தே பெரும்பாலும் சரிசெய்திருக்கலாம், லேசரில் சுரண்டியும் எடுத்திருக்கலாம், குரல் கொஞ்சம் கரகரத்தாலும் இருந்திருக்கும். இப்போது அது நாணைத் தாண்டி, தொண்டையில் கைக்குத் தட்டுப்படுகிற குருத்தெலும்பைத் துளைத்து வெளியே வந்துவிட்டது. குரல்வளையை முழுதாக எடுத்தால்தான் உயிர் பிழைக்கும். எடுத்துவிட்டுக் கழுத்தின் அடியில் ஒரு துளை வைப்பார்கள், இனிமேல் மூச்சு அதன் வழியாகத்தான். அதற்குப் பிறகு கதிர்வீச்சும் உண்டு.

"ஒம்பது மாசம் முன்னாடியே பயாப்ஸிக்குத் தேதி கொடுத்திருக்காங்களே, ஏன் போகலை?" என்று டாக்டர் கேட்டார்.

நான் தரையைப் பார்த்தேன். அண்ணன் காற்றுக் குரலில், "பயம் சார்," என்றான்.

மே மாதம் ஆபரேஷன் நடந்தது. கண் விழித்ததும் எதையோ சொல்ல வாயை அசைத்தான். உதடு அசைந்தது, சத்தம் இல்லை. ஐம்பத்திரண்டு வயது ஆண்மகன், வாயை மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். மூக்கில் காற்றுப் போகாததால் வாசனையும் தெரியாது என்பது எங்களுக்குப் பிறகுதான் புரிந்தது. டீயை ஊதி ஆற்றக்கூட முடியாது. வாயில் வைத்து ஊதினான், காற்று கழுத்திலிருந்து வந்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். நான் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டேன்.

ஹாலில் கேட்டவர்களுக்கு நான் என்ன சொன்னேன்? தைராய்டு ஆபரேஷன் என்றேன். அண்ணியின் தங்கை வீடு அல்சூரில் இருந்தது, கதிர்வீச்சும் அதன்பிறகு பேச்சுப் பயிற்சியும் முடிகிறவரை அவன் அங்கேதான் இருந்தான். யாரும் பார்க்கவில்லை. எனக்கு அது நிம்மதியாக இருந்தது. இப்படி ஒரு நிம்மதியை அடைந்தவளை என்னவென்று சொல்வது?

ஆபரேஷனின்போதே மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவே ஒரு சின்ன வால்வு பொருத்தியிருந்தார்கள். கழுத்துத் துளையை விரலால் அடைத்தால், நுரையீரல் காற்று வால்வு வழியாக உணவுக்குழாய்க்குள் போய் அங்கே சத்தம் உண்டாகும். வாய் அதைச் சொல்லாக்க வேண்டும். வாரம் இரண்டு நாள் ஒரு பயிற்சியாளர் சொல்லிக்கொடுத்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணவே ஒரு மாதம் ஆயிற்று. செப்டம்பரில் கரடுமுரடான, ஒரே சுருதியில் நிற்கிற ஒரு குரல் வந்தது. பழைய குரலின் சாயல் துளிகூட இல்லை. ஆனாலும் பேசினான்.

அந்த மாதம்தான் காந்தா என்னிடம் வந்தாள். திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து கார்மெண்ட்ஸில் வேலை பார்ப்பவள், நாற்பத்தைந்து வயதிருக்கும். எங்கள் கூட்டத்துக்குப் புதிது. கூட்டம் கலைந்தபிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் வாயைத் திறந்தாள். அதே கரகரப்பு.

"டீச்சர், மே மாசத்துல டெஸ்ட் எடுக்கணும்னு சொன்னாங்க. பக்கத்து வூட்டு அக்கா இதக் குடுத்தாங்க. படிச்சேன். டாக்டருங்களே ஆச்சரியப்பட்டாங்கன்னா அப்புறம் எதுக்கு டெஸ்ட்டுன்னு வுட்டுட்டேன். நாலு மாசமா நானும் ஜெபம் பண்றேன். எனக்கு மட்டும் ஏன் டீச்சர் தொறக்கல?"

அவள் கையில் என் தாள் இருந்தது. மடித்து மடித்து மடிப்பு கிழிந்திருந்தது. கடைசி வரியின் கீழ் பென்சிலால் கோடு போட்டிருந்தாள். "வர்ற வாரம் பேசலாம் காந்தா," என்று சொல்லி அவளை அனுப்பிவிட்டேன். அங்கேயே, அந்த நிமிஷமே சொல்லியிருக்கலாம். இரண்டு வரிதான். வாய் வரவில்லை.

மறுநாள் அல்சூருக்குப் போய் அண்ணனிடம் சொன்னேன். அவன் விரலைக் கழுத்தில் வைத்தான்.

"சொல்லு," என்றான். மூச்சு எடுத்துக்கொண்டு மறுபடி, "எல்லார்கிட்டயும். நீ சொல்லு."

"சொல்றேன் அண்ணா."

அந்த வெள்ளிக்கிழமை சொல்லவில்லை. அடுத்த வெள்ளியும் சொல்லவில்லை. காந்தா என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஏதாவது வேலை இருப்பதுபோல நழுவினேன். மூன்றாவது வெள்ளி, பாட்டு முடிகிற நேரத்தில் அண்ணியோடு அவனே வந்து நின்றான். ஒரு வருடமாக அந்த ஹால் கேட்காத ஆள். சாட்சி சொல்கிறவர்கள் வரலாம் என்றதும் முன்னே நடந்தான். கழுத்துத் துணியை அவிழ்த்து எல்லோருக்கும் அந்தத் துளையைக் காட்டினான். ஒரு பெண் "ஐயோ" என்றாள். மைக்கை அவன் தூக்கிப் பிடித்த விதம் மட்டும் மாறவில்லை.

"எனக்குக் கேன்சர். டாக்டர் முன்னாடியே டெஸ்டுக்கு வரச் சொன்னாரு. நான் போகல." மூச்சு. "சாட்சி சொல்லிட்டமேன்னு வெக்கம். அந்த வெக்கத்துல குரல் போச்சு." மூச்சு. "மூணு வாரத்துக்கு மேல தொண்டை கட்டியிருந்தா போய்க் காட்டுங்க. ஜெபமும் பண்ணுங்க. போயும் காட்டுங்க."

அவ்வளவுதான். தாளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, தங்கையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பழியை எல்லாம் தன் தலையில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டான். எல்லோரும் அவனைச் சூழ்ந்துகொண்டு அழுதார்கள். அப்போதாவது எழுந்து, அந்த வரி என் வரி என்று சொன்னேனா? இல்லை. நாற்காலிகளை மடித்து அடுக்கினேன்.

காந்தா என்னிடம் வந்து, "டீச்சர், எனக்குக் கன்னடம் வராது. கூட வரீங்களா?" என்று கேட்டாள்.

திங்கட்கிழமை பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு அவளோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் தாவணகெரேயிலிருந்து வந்த இளம்பெண், தமிழ் ஒரு சொல் தெரியாது. காந்தாவின் மூக்கு வழியே குழாயை விட்டு, "ஈ" என்று சொல்லச்சொல்லி, வெகுநேரம் திரையைப் பார்த்தார். பிறகு என்னிடம் கன்னடத்தில் சொன்னார். நான் காந்தாவுக்குத் தமிழில் சொன்னேன். வளர்ச்சி இருக்கிறது. நாண் இன்னும் அசைகிறது, அது நல்ல விஷயம். புதன்கிழமை துளி எடுப்பார்கள். புற்றுதான் என்றால், கதிர்வீச்சிலேயே சரியாக வாய்ப்பு இருக்கிறது, குரலும் தங்கலாம், ஆனால் ஸ்கேன் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது.

அவளுடைய பழைய சீட்டைப் பார்த்துவிட்டு டாக்டர் இன்னொன்றும் சொன்னார். மே மாதமே வந்திருந்தால் இது ஒரு பக்கத்தோடு நின்றிருக்கும், இப்போது இரண்டு பக்கமும் பரவியிருக்கிறது என்றார்.

காந்தா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஒரு வாக்கியத்தை விட்டுவிடலாம். விட்டால் அவளுக்குத் தெரியப்போவதில்லை, டாக்டருக்கும் தெரியப்போவதில்லை. ஒரு சொல்லும் விடாமல் சொன்னேன்.

அவள் கேட்டுக்கொண்டாள். பிறகு, "அப்போ உங்க அண்ணனைப் பாத்துட்டு டாக்டருங்க ஆச்சரியப்பட்டாங்கன்னு போட்டிருந்துச்சே, அது எந்த டாக்டரு?" என்று கேட்டாள். குற்றம் சாட்டவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"எந்த டாக்டரும் இல்ல, காந்தா. யாரும் பாக்கவே இல்ல. அது நானா எழுதுனது."

டாக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஏனு ஹேளிதரு?" என்று என்னிடம் கேட்டார். என்ன சொன்னார்கள் என்று கேட்கிறார். அந்த அறையில் இரண்டு மொழியும் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதையும் கன்னடத்தில் நானே சொன்னேன்.